அனிமேஷன் பட இயக்குநர் ஆக வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: வணக்கம். மேலூர் பக்கம் ஒரு கிராமம். எனக்கு வயது 23. மதுரையில் விஸ்காம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் அச்சுக் கடையில் டிசைனராக இருக்கிறேன். அனிமேஷன் படம் எழுதி இயக்க வேண்டும் என்பது சிறு வயது ஆசை. சித்திரைத் திருவிழாவை வைத்து 118 பக்கத்தில் திரைக்கதை எழுதி முடித்துவிட்டேன். இரண்டரை மணி நேரம் வரும். முதல் காட்சியை இணைத்திருக்கிறேன். ஒரு தனியார் பயிற்சி மையத்தில் ஓராண்டுப் படிப்புக்கு 2,40,000 ரூபாய் கேட்கிறார்கள். வேலை நிச்சயம் என்கிறார்கள். அப்பா நகையை அடகு வைக்கத் தயார். சேரலாமா? திரைக்கதையை யாருக்கு அனுப்புவது? எனக்கு ஓவியம் சுமாராகத்தான் வரும், அது தடையாகுமா?

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம். திரைக்கதையை இப்போது யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஓவியம் சுமாராக வந்தால் போதும். ஏன் போதும் என்பதைக் கீழே விளக்குகிறேன். கடை வேலையையும் விட்டுவிடாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் நாள் முழுக்க இருப்பவருக்கு லேயர், அளவு, நிறம் எல்லாம் கைப்பழக்கமாகியிருக்கும். அந்த ஆறு மாதப் பாடம் உங்களுக்கு மிச்சம்.

முதலில் இந்தத் தொழிலின் அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒரு காட்சியை நாலு கோணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, எடிட்டிங் மேசையில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். அனிமேஷனில் அந்த வசதி கிடையாது. நாலு கோணத்தில் வரைய நாலு மடங்கு காசும் காலமும் வேண்டும். அதனால் இங்கே எடிட்டிங் முதலில் நடக்கிறது, படம் எடுப்பது அதற்குப் பிறகு. கதையை ஷாட் ஷாட்டாகச் சின்னச் சின்னப் படங்களாக வரைவது ஸ்டோரிபோர்டு. அந்தப் படங்களைச் சரியான நொடிக்கணக்கில் அடுக்கி, தற்காலிகக் குரலும் ஒலியும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது அனிமேட்டிக். பெரிய ஸ்டுடியோக்களில் இந்த அனிமேட்டிக்கை வருடக்கணக்கில் பிரித்துப் பிரித்துக் கட்டுவார்கள். அது சரியான பிறகே அனிமேட்டர்கள் கைக்கு ஷாட் போகும். காகிதத்தில் எழுதுவது பாதித் திரைக்கதைதான். மீதிப் பாதி அனிமேட்டிக்கில் எழுதப்படுகிறது. இயக்குநரின் வேலையும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே நீங்கள் முதலில் கற்க வேண்டியது அனிமேட்டிக் செய்வது. அதற்கு 2,40,000 ரூபாய் தேவையில்லை.

இப்போது உங்கள் 118 பக்கத்துக்கு வருவோம். நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு நிமிடத்துக்கு 1,440. நீங்கள் சொல்லும் 150 நிமிடத்துக்கு 2,16,000 ஃப்ரேம். ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தும் சிக்கன முறையில் (தொழிலில் 'ஆன் டூஸ்' என்பார்கள்) போனாலும் 1,08,000 ஓவியம். உலகம் முழுக்க அனிமேஷன் முழுநீளப் படங்கள் பெரும்பாலும் 80 முதல் 100 நிமிடத்துக்குள் நிற்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு முக்கியக் காரணம். இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற சினிமாக் கணக்கு அனிமேஷனில் ஒத்துவராது. வசனமே இல்லாத இரண்டு வரி ஒன்றரை நிமிடமாக நீளும். உங்கள் முதல் காட்சியே அதற்குச் சாட்சி. நீங்கள் எழுதியது இது:

"கூட்டம் அலைமோதுகிறது. தங்கக் குதிரையில் அழகர் வைகையில் இறங்குகிறார். லட்சம் பேர் கோவிந்தா என்று முழங்க, நாலு திசையிலும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். கூட்டத்தில் பாட்டியைத் தொலைத்துவிட்டதைச் சிறுமி உணர்கிறாள்."

படிக்கும்போது கண்ணில் விரிகிறது, உண்மை. ஆனால் அனிமேஷனில் மிகவும் செலவு பிடிக்கும் மூன்றை முதல் நாலு வரியிலேயே கேட்டுவிட்டீர்கள்: கூட்டம், தண்ணீர், நனைந்த துணி. கூட்டத்தில் ஒவ்வொரு தலைக்கும் தனி அசைவு வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆளை நகலெடுத்தது கண்ணில் படும். தண்ணீருக்கு நிலையான உருவம் இல்லாததால் முந்தைய ஓவியத்தை நகர்த்திப் பயன்படுத்த முடியாது, ஒவ்வொன்றையும் புதிதாக வரைய வேண்டும். நாலாவது வரியில் உள்ள குறை செலவைப் பற்றியதல்ல. "உணர்கிறாள்" என்பதை எப்படி வரைவது? அனிமேட்டரிடம் அந்தச் சொல்லைக் கொடுத்தால் அவர் கண்ணை அகல விரித்து, வாயைப் பிளக்க வைப்பார். எல்லாப் படத்திலும் பார்த்த முகம் அது.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கஷ்டம் என்று பயந்திருக்கக்கூடிய தங்கக் குதிரைதான் இதில் எளிது. நாலுகால் பிராணியை நடக்கவைப்பது அனிமேஷனில் கடினமான பாடங்களில் ஒன்று. ஆனால் அழகரின் குதிரை வாகனத்துக்குக் கால் அசையாது. தூக்கி வருபவர்களின் தோள் ஏறி இறங்குவதற்கு ஏற்ப முழு வாகனமும் மிதந்து ஆடும். ஒரே ஒரு நல்ல ஓவியம் போதும், அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தினால் வாகனம் வந்துவிடும். எது அசைகிறது, எது அசைவதில்லை என்று இப்படிப் பார்க்கும் கண்தான் அனிமேஷன் எழுத்தாளருக்கு வேண்டும்.

அதே காட்சியை இப்படி உடைத்துப் பாருங்கள். ஷாட் 10: சிறுமியின் கண்மட்டத்தில் கேமரா. முழுக்கக் கால்கள், நனைந்த வேட்டி விளிம்புகள், சேறு. 4 நொடி. ஷாட் 20: பாட்டியின் முந்தானையைப் பிடித்த சின்னக் கை, பாட்டியின் இடுப்பில் சர்க்கரை நிரப்பிய சொம்பு. 3 நொடி. ஷாட் 30: தோப்பறையிலிருந்து (தண்ணீர் பீய்ச்சும் தோல்பை) பீய்ச்சிய தண்ணீர் ஒரே வீச்சாகத் திரையில் அடிக்கிறது. 2 நொடி. ஷாட் 40: கண்ணை மூடிக்கொள்கிறாள், திரை இருட்டு, கோவிந்தா முழக்கம் உச்சத்துக்குப் போகிறது. 3 நொடி. ஷாட் 50: கண் திறக்கிறாள். கை இன்னும் முந்தானையைப் பிடித்திருக்கிறது. கேமரா முந்தானை வழியே மேலே ஏறுகிறது. யாரோ ஒரு பெண் குனிந்து பார்க்கிறாள். 4 நொடி. ஷாட் 60: கீழே சாய்ந்து கிடக்கும் சொம்பு, ஈர மணலில் கரையும் சர்க்கரை. 5 நொடி.

மொத்தம் 21 நொடி. ஆன் டூஸ் கணக்கில் 252 ஓவியம். ஆனால் ஷாட் 40-இல் வரைய எதுவும் இல்லை. 60-இல் பின்னணி ஓவியம் ஒன்றும் சர்க்கரை கரைவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஓவியமும் போதும். 10-இல் கால்களை நாலைந்து அடுக்காக வரைந்து வெவ்வேறு வேகத்தில் நகர்த்தலாம். கையால் வரைய வேண்டியது 130-க்குள் அடங்கும். லட்சம் பேர் திரையில் இல்லை, காதில் இருக்கிறார்கள். "உணர்கிறாள்" என்ற சொல் போய், முந்தானை வேறொருத்தியுடையது என்ற காட்சி வந்துவிட்டது. அழகரைக் காட்டவே இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். அவர் உடுத்தி வரும் பட்டின் நிறத்தைப் பார்க்கத்தானே ஊரே காத்திருக்கிறது? பார்வையாளரையும் காக்க வையுங்கள். கடைசி ஷாட்டில் அந்தப் பட்டின் பச்சை வந்தால் போதும்.

118 பக்கமும் வீண் என்று சொல்லவில்லை. அதிலிருந்து 90 நொடிக்கு வரும் ஒரே ஒரு பகுதியைப் பிரித்தெடுங்கள். அதைத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு குறும்படமாக மாற்றி எழுதுங்கள். வசனம் ஐந்து வரியைத் தாண்ட வேண்டாம். பேசுகிற இடத்தில் உங்கள் ஊர்ப் பேச்சையே வையுங்கள். "அங்கிட்டுப் போகாத, இங்கிட்டு வா" என்பதற்கு இருக்கும் தாளம் "அந்தப் பக்கம் போகாதே" என்பதில் வராது. அனிமேஷனில் குரலைப் பதிந்துவிட்டுத்தான் வாயை வரைகிறோம் என்பதால் இந்தத் தாளம் உடலசைவையே தீர்மானிக்கும். நிகழ்காலத்தில், கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டும் எழுதுங்கள். நினைக்கிறாள், உணர்கிறாள், ஞாபகம் வருகிறது ஆகிய சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் பேனாவை நிறுத்தி, இது கையிலோ பொருளிலோ எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

அடுத்து ஸ்டோரிபோர்டு. ஏ4 தாளில் 8 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரத்தில் ஆறு கட்டம் போடுங்கள். இது 16:9 விகிதம். கட்டத்துக்குக் கீழே நாலு குறிப்பு: ஷாட் எண், என்ன நடக்கிறது, என்ன கேட்கிறது, எத்தனை நொடி. ஷாட் எண்ணை 10, 20, 30 என்றே போடுங்கள். நடுவில் ஒரு ஷாட் சேர்க்க நேர்ந்தால் 25 என்று போட்டுவிடலாம். 1, 2, 3 என்று போட்டுவிட்டுப் பிறகு எல்லாக் கோப்பின் பெயரையும் மாற்றி, எது பழையது எது புதியது என்று தெரியாமல் தவிப்பது புதியவர்கள் அத்தனை பேரும் மாட்டும் குழி. 90 நொடிப் படத்துக்கு 25 முதல் 30 ஷாட், 70 முதல் 100 கட்டம் வரும். ஒரு கட்டத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் செலவிடாதீர்கள். அழகாக வரைந்த கட்டத்தைத் தூக்கியெறிய மனம் வராது, படமோ அதைத் தூக்கியெறியச் சொல்லும். குச்சி மனிதர்கள் போதும். ஆனால் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அடிவானக் கோடு எங்கே என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான்: இயக்குநரின் ஓவியம் மற்றவருக்குப் புரிந்தால் போதும்.

பார்க்கும் திசையில்தான் அதிகம் தவறு நடக்கும். சிறுமி திரையில் இடமிருந்து வலமாகப் போகிறாள் என்றால், அவள் திரும்புவதைக் காட்டாமல் அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாகப் போகக் கூடாது. வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார். கூட்டத்தில் தொலைந்த கதையில் இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே ஓரிடத்தில் பயன்படுத்தலாம். அதற்கு மற்ற எல்லா இடத்திலும் திசை சுத்தமாக இருக்க வேண்டும்.

கட்டங்களைப் போனில் படமெடுத்து, பிளெண்டரின் வீடியோ எடிட்டரிலோ டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலோ வரிசையாக வையுங்கள். நேராகக் கணினியில் வரைவதென்றால் ஸ்டோரிபோர்டர், கிரிட்டா இரண்டும் இலவசம். நொடியை மனக்கணக்கில் போடாதீர்கள். ஒவ்வொரு செயலையும் எழுந்து நடித்து, போனில் உள்ள ஸ்டாப்வாட்சில் மூன்று முறை அளந்து, நடுவில் வரும் அளவை எடுங்கள். குரலைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசினால் அறையின் எதிரொலி அடங்கும். வாயசைவு வரையும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ப, ம வரும் இடத்தில் உதடு ஒட்ட வேண்டும், குறைந்தது இரண்டு ஃப்ரேமாவது மூடியிருக்க வேண்டும். மற்ற எழுத்துகளில் பிசகினால் கண் மன்னிக்கும், இந்த இரண்டில் மன்னிக்காது. "அம்மா", "அப்பா" நிறைந்த மொழியில் இது சின்ன விஷயமில்லை.

அனிமேட்டிக் ஓடத் தொடங்கியதும், கதை தெரியாத மூன்று பேருக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள். ஓடும்போது வாயே திறக்கக் கூடாது. "இது பாட்டி, இது ஆறு" என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால் அந்த ஷாட் தோற்றுவிட்டது. முடிந்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லாத்தான் இருக்கு என்பார்கள். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேளுங்கள். கதையை அவர்கள் எங்கே தப்பாகச் சொல்கிறார்களோ அங்கே ஷாட் குறைகிறது அல்லது நேரம் போதவில்லை. எங்கே கை போனுக்குப் போகிறதோ அங்கே நேரம் மிஞ்சுகிறது. தன் ஓவியத்தைத் தானே பார்ப்பவருக்கு எல்லாம் அரை நொடியில் புரிந்துவிடும், புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு நொடிக்கு மேல் வேண்டும். முதல் அனிமேட்டிக்குகள் பெரும்பாலும் இதனால்தான் கெடுகின்றன. குறைந்தது ஐந்து முறை திருத்துங்கள், ஒவ்வொரு முறையும் புதிய மூன்று பேர். இந்தக் கட்டத்துக்கு மட்டும் மூன்று மாதம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் இங்கே மிச்சம் பிடித்த ஒரு வாரத்துக்குப் பின்னால் இரண்டு மாதம் கொடுக்க வேண்டிவரும்.

பிறகுதான் அசைவு. 90 நொடிக்கு ஆன் டூஸ் 1,080 ஓவியம். மாலையில் இரண்டு மணி நேரத்தில் 15 கரட்டு ஓவியம் என்று வைத்தால் 72 நாள். கோடு சுத்தம் செய்யவும் நிறம் தீட்டவும் அதே அளவு நாள் சேரும். ஓவியம் உங்கள் பலம் இல்லை என்பதால் வேறு வழியையும் யோசியுங்கள். தென்மாவட்டங்களின் தோல்பாவைக் கூத்தில் ஒரு தட்டை உருவத்துக்குத் தோளிலும் முழங்கையிலும் மூட்டு வைத்து ஆட்டுகிறார்கள் இல்லையா? கட்-அவுட் அனிமேஷனின் கொள்கை அதேதான். 1926-இல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் எடுத்த முழுநீள நிழலுருப் படம் இப்படி வெட்டிய உருவங்களால் ஆனது. இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் அதுதான். கறுப்பு அட்டையில் உருவத்தை வெட்டி, மூட்டில் மெல்லிய கம்பி போட்டு, கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேல் வைத்து, போனை மேலே நிலையாகக் கட்டி நொடிக்கு 12 படம் எடுங்கள். ஃபோட்டோஷாப் தெரிந்த உங்களுக்கு இதையே கணினியிலும் செய்யலாம்.

களிமண்ணில் செய்ய ஆசை என்றால் மண்பொம்மை செய்யும் விளாச்சேரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஒரு பொம்மையின் நிற்பும் கழுத்துச் சாய்வும் தூரத்திலிருந்தே எப்படி அடையாளம் காட்டுகிறது என்று அங்கே படிக்கலாம். ஆனால் அந்த மண்ணை அசைவுக்குப் பயன்படுத்தாதீர்கள், காய்ந்து வெடிக்கும். எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் வாங்கி, உள்ளே 2 அல்லது 3 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கிய எலும்புக்கூடு வையுங்கள். ஒற்றைக் கம்பி முழங்காலில் சீக்கிரம் ஒடியும். மதுரை வெயிலில் பகலில் பிளாஸ்டிசின் தொய்ந்து போகும். சன்னல் வெளிச்சமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறிப் படத்தில் மினுக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து: இரவில் எடுங்கள், எல்.இ.டி. விளக்கில், மின்விசிறி இல்லாமல். போனில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெண்மைச் சமன் மூன்றையும் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் உங்கள் கை உள்ளே வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் மாறும். கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

ஓவியப் பயிற்சியை விட்டுவிடவும் வேண்டாம். தினமும் இருபது நிமிடம், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் போதும். ஒரு ஆளுக்கு 30 நொடி, முகம் வேண்டாம், எடை எந்தக் காலில் இருக்கிறது என்று மட்டும் பிடியுங்கள். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் தூக்குவதற்கு முந்தைய நொடியில் உடம்பை எப்படித் தாழ்த்துகிறார் என்று பாருங்கள். அந்தத் தாழ்வு இல்லாமல் வரைந்தால் மூட்டைக்குப் பாரமே இருக்காது.

படிப்பு விஷயம். அந்த மையத்தில் மூன்று கேளுங்கள்: போன வருட மாணவர்கள் முடித்த குறும்படங்களைக் காட்ட முடியுமா? கதைக்கும் ஸ்டோரிபோர்டுக்கும் எத்தனை மணி நேரம்? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எழுத்தில் தருவீர்களா? வேலை நிச்சயம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்களில் ரோட்டோ, பெயின்ட் வேலை, அதாவது படமெடுத்த காட்சியில் உருவத்தை வெட்டுவதும் கம்பியை அழிப்பதும். நாணயமான வேலைதான், சம்பளம் வரும். ஆனால் அந்தப் படிக்கட்டு இயக்குநர் நாற்காலிக்குப் போகும் வழியில் இல்லை.

உங்கள் பட்டத்தோடு போகக்கூடிய நல்ல இடங்கள் இருக்கின்றன. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அனிமேஷன் திரைப்பட வடிவமைப்பு முதுகலை, மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யில் அனிமேஷன் முதுகலை, கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்படக் கழகத்தில் அனிமேஷன் சினிமா. மும்பைக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வு ஜனவரியில் நடக்கும். அக்டோபரிலிருந்தே அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். மூன்றும் அரசு நிறுவனங்கள். கட்டணம் சும்மா இல்லை என்றாலும் கல்விக்கடன் வாங்க வாய்ப்பு உண்டு. சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியிலும் அனிமேஷன் உண்டு, அது இளங்கலை. எங்கே போனாலும் கையில் ஒரு 90 நொடிப் படத்தோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் நேர்முகத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

ஸ்டுடியோ வேலைக்குப் போனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்தியாவில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குச் செய்துகொடுக்கும் ஒப்பந்த வேலை. கதையும் ஸ்டோரிபோர்டும் அங்கிருந்து முடிந்து வரும், இங்கே லேஅவுட்டிலிருந்து (ஷாட்டில் எது எங்கே என்று அமைப்பது) தொடங்கும். பத்து வருடம் இருந்தாலும் கதை உங்கள் கைக்கு வராமல் போகலாம். ஆகவே சொந்தக் கதை செய்யும் நிறுவனமா என்று விசாரியுங்கள். சேர்ந்தால் ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக் எடிட்டிங், லேஅவுட் இந்த மூன்றில் ஒரு பிரிவைக் கேளுங்கள். அதற்கான போர்ட்ஃபோலியோவில் மூன்று தொடர்காட்சி போதும்: இருவர் பேசுவது ஒன்று, ஓட்டமோ சண்டையோ ஒன்று, வசனமே இல்லாதது ஒன்று. ஒவ்வொன்றும் 30 முதல் 60 கட்டம். பிரபல கதாபாத்திரங்களைப் பார்த்து வரைந்த ஒற்றை ஓவியங்களை வைத்தால் கதை சொல்லத் தெரியுமா என்பது தேர்வு செய்பவருக்குத் தெரியாமலே போகும்.

காலம் எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை, ஆனால் அப்பா கேட்பார். ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் இயக்குநர் ஹயாவ் மியாசாகி 1963-இல் டோயெய் நிறுவனத்தில், முக்கிய ஓவியங்களுக்கு இடைப்பட்ட ஓவியங்கள் வரையும் கடைநிலையில் சேர்ந்தார். முதல் முழுநீளப் படத்தை இயக்கியது 1979-இல். பீட் டாக்டர் 1990-இல் அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டுடியோவில் சேர்ந்து 2001-இல் முதல் படத்தை இயக்கினார். இது ஸ்டுடியோ வழி. இன்னொரு வழி குறும்பட வழி. கீதாஞ்சலி ராவ் கையால் தீட்டிய குறும்படம் 2006-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. அவருடைய முழுநீளப் படம் 2019-இல் வந்தது. லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் 'அவே' என்ற முழுநீளப் படத்தைத் தனி ஆளாகச் செய்து 2019-இல் வெளியிட்டார். அடுத்து சிறு குழுவோடு இலவச மென்பொருளான பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. அதில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மதுரையில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வழிதான் பக்கம் என்பது என் கருத்து.

கடைசியாக உரிமை. எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் நாளைக்குச் சான்று வேண்டும் என்பதால் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழி விண்ணப்பியுங்கள். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. யாராவது உரிமை கேட்டால் எழுத்தில் கேளுங்கள். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடுகளில், எவ்வளவு பணம் என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். சம்பள வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தமாகும் என்பதால் கடைக் கணினியில் உங்கள் படத்தைத் தொடாதீர்கள். தயாரிப்பாளரிடம் போகும் காலம் வரும்போது 118 பக்கத்தைக் கொடுக்காமல் ஒரு பக்கச் சுருக்கம், அனிமேட்டிக், இறுதித் தோற்றத்தில் முடித்த மூன்று ஃப்ரேம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

உங்கள் படம் ஒலியில்தான் நிற்கப்போகிறது. ஆகவே வரும் சித்திரைக்கு இப்போதே திட்டமிடுங்கள். எதிர்சேவை (அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது) அன்று மூன்றுமாவடியில் ஒரு பதிவு, அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் ஒன்று. நெரிசலுக்குள் போகவே வேண்டாம். ஐம்பது அடி தள்ளி நின்றால் முழக்கம் இன்னும் திரண்டு கேட்கும். ஒலி அளவைக் கையால் வைக்கும் செயலியைப் போனில் போட்டு, அளவைக் குறைத்தே வையுங்கள். தானாக விட்டால் ஒவ்வொரு கோவிந்தாவுக்கும் ஒலி அமுங்கி எழும், பிறகு சரிசெய்ய முடியாது. மைக் மேல் மெல்லிய பருத்தித் துணி இருந்தால் காற்று அடிக்காது. ஒவ்வொரு பதிவும் நிறுத்தாமல் இரண்டு நிமிடமாவது ஓடட்டும். ஒன்றைச் சிறுமியின் காது உயரத்தில், தரையிலிருந்து மூன்றடியில் வைத்துப் பதியுங்கள். கூட்டம் கலைந்த பிறகு ஆற்று மணலில் ஆள் நடமாட்டம் குறைந்த அந்த ஒலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாட் 60-க்கு அதுதான் வேண்டும்.